‘அயன் ஊசி’ என்று மட்டும் சொன்னால் போதாது: ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் பற்றி ஒரு மதிப்பீடு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்குப் போகலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்கிற, நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து, ரத்தசோகையோடு வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற, மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவராத ஒருவருக்குக் கொடுக்கிற காசுக்குத் தகுந்த மருந்து. ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தேன் என்பது கீழே வரும், அதையும் தயவுசெய்து படியுங்கள், ஏனென்றால் ஊசி போட்டுக்கொண்ட பல பேருக்கு அந்த விஷயத்தை யாரும் சொல்வதே இல்லை.

நான் வேலூரில் உலோக அணைவுச் சேர்மங்களில் (நடுவில் ஓர் உலோகம், அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் கட்டுண்டு நிற்பவை) ஆராய்ச்சி செய்கிறவன், மருத்துவன் இல்லை. யாருக்கு ஊசி வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது என் துறை. ஊசி போட்டுக்கொண்டது என் அக்கா, கூடவே இருந்து பார்த்தது நான்.

அக்காவுக்கு வீடு பள்ளிகொண்டாவில், வேலை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தையல் பிரிவு. பல வருடமாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், அதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கும். வேலை முடிந்து வந்ததும் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். இந்தப் பச்சரிசி, ஐஸ்கட்டி, சாம்பல் மாதிரி சமாச்சாரங்களுக்கு நாக்கு ஏங்குவது இரும்புக் குறைவின் அடையாளம், வீட்டில் யாராவது இப்படி இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அக்காவுக்கு ஹீமோகுளோபின் 7.4, ஃபெரிட்டின் 6. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பு. 6 என்றால் பெட்டி காலி என்று அர்த்தம். இதில் அக்கா தனி ஆளும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்!

எனக்குக் கோபம் வந்தது முதலில் போன இடத்தில். ஊரின் பெயரும் வேண்டாம், கிளினிக்கின் பெயரும் வேண்டாம். “அயன் பாட்டில் ஏத்திடலாம்” என்று ஏற்றினார்கள், சீட்டில் “அயன் ஊசி, ஒன்று” என்று எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எந்த அயன், எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால், “எல்லாம் ஒண்ணுதாம்மா, இரும்புச்சத்துதான்” என்று பதில். எல்லாம் ஒன்று இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப தூரம் போகவே வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோலைப் பதப்படுத்தும் குரோமியம் மூன்று நேர்மின்சுமை உள்ள குரோமியம். தோலின் புரதத்தில் இருக்கும் கார்பாக்ஸில் தொகுதிகளோடு கைகோத்து நின்றுவிடும், அப்படி நீலமாகிற ‘வெட் புளூ’ தோல்தான் மேலும் பதமாகி, சாயமேறி, அக்கா கையில் ஷூவாகிறது. அதே குரோமியம் ஆறு நேர்மின்சுமையோடு குரோமேட்டாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையும் அதைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரும் காட்டிக்கொண்டிருக்கின்றன. உலோகம் ஒன்றுதான். எந்த நிலையில், எதோடு கட்டுண்டு இருக்கிறது என்பதுதான் மருந்தா விஷமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல் தொடங்கிவைத்த அணைவுச் சேர்ம வேதியியலின் சாரமே இதுதான், பன்னிரண்டாம் வகுப்பில் ஈனி, அணைவு எண் என்று எல்லோரும் படித்ததுதான்.

இரும்பும் அப்படித்தான். நம் உடம்பு முழுதும் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது, ஆனால் ஒரு நேரத்தில் ரத்த ஓட்டத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்கிற புரதத்தின் மேல் ஏறிச் சுற்றிக்கொண்டிருப்பது வெறும் 3, 4 மில்லிகிராம்தான். ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டே இரண்டு இரும்பு அயனிகளைத்தான் சுமக்கும். கட்டில்லாத இரும்பை உடம்பு வெளியே விடாது. விட்டால், 1894-இல் ஃபென்டன் சொன்ன வினை நடந்து, ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் உருவாகி, பக்கத்தில் இருக்கிற செல்லையெல்லாம் எரிக்கும். அப்படிப்பட்ட ரத்தத்துக்குள் கால் மணி நேரத்தில் 1000 மில்லிகிராம் இரும்பை இறக்குகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். அது ஒன்றும் ஆகாமல் உள்ளே போகிறது என்றால், காரணம் இரும்பு இல்லை, இரும்பைச் சுற்றியிருக்கும் சர்க்கரை உறை.

ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸில் நடுவில் இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடு கரு, அதைச் சுற்றி மாவுச்சத்திலிருந்து வரும் மால்டோடெக்ஸ்ட்ரினை ஆக்ஸிஜனேற்றம் செய்து உண்டாக்கிய கார்பாக்ஸிமால்டோஸ். உறை இறுக்கமானது, எளிதில் இரும்பை விடாது. கல்லீரல், மண்ணீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இதை முழுசாக விழுங்கி, உள்ளே வைத்துப் பிரித்து, தேவைக்குத் தேவை டிரான்ஸ்ஃபெரினிடம் ஒப்படைக்கும். அயன் சுக்ரோஸ் என்கிற இன்னொரு இரும்பு ஊசி மருந்தில் உறை இதைவிடத் தளர்வு, சீக்கிரம் கொஞ்சம் இரும்பு கழன்று விடும், அதனால்தான் அதை வழக்கமாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராமோடு நிறுத்துகிறார்கள். கரைசலின் காரத்தன்மையும் அதிகம், பிஹெச் பத்தரைக்கு மேல். முதல் இடத்தில் மருந்து ஏறும்போது அக்காவுக்குக் கை எரிந்தது, அங்கே ஏற்றியது இந்த வகையாகத்தான் இருக்கும் என்று என் ஊகம், ஆனால் சீட்டில் பெயர் இருந்தால்தானே உறுதியாகச் சொல்ல!

அயன் சுக்ரோஸ் மட்டமான மருந்து என்று நான் சொல்லவே இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு அதை ஏற்றுகிறார்கள், காசு வாங்காமல். எத்தனையோ பிரசவங்களில் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வராமல் காத்த மருந்து அது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்து, திரும்பத் திரும்பப் போக முடிகிறவர்களுக்கு அதுவே போதும்.

அக்காவுக்கு அது முடியாது என்பதுதான் கணக்கு. கான்சோனி என்பவர் 1970-இல் கொடுத்த ஒரு சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: உடல் எடை, அதை இலக்கு ஹீமோகுளோபினுக்கும் இப்போதைய ஹீமோகுளோபினுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, மறுபடி 2.4-ஆல் பெருக்கி, கையிருப்புக்காக 500 கூட்ட வேண்டும். அக்கா 52 கிலோ, இலக்கு 15, இருப்பது 7.4. சுமார் 1450 மில்லிகிராம் வருகிறது. அயன் சுக்ரோஸ் என்றால் ஏழெட்டு தடவை வந்து உட்கார வேண்டும். ஷூ கம்பெனியில் ஏழெட்டு நாள் லீவு என்றால் சம்பளப் பிடித்தம், வருகைப் படி போய்விடும், லைன் சூப்பர்வைசரிடம் பதில் சொல்ல வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் முதல் நாள் 1000, ஒரு வாரம் கழித்து 500, முடிந்தது. மருந்தின் விலையை மட்டும் பார்த்து “இது காஸ்ட்லி” என்று சொல்கிறவர்கள் போன கூலியையும் பஸ் செலவையும் கூட வந்த ஆளின் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

“மாத்திரையிலேயே சரியாகியிருக்காதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், சரியாக எடுத்துக்கொண்டால். அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, நல்ல மாத்திரை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சாப்பிடுகிற விதத்தில். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு டீ குடிக்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்பது இரும்பு சல்ஃபேட். அந்தக் காலத்தில் அன்னபேதியையும் கடுக்காயையும் சேர்த்துத்தான் கறுப்பு மை காய்ச்சினார்கள். கடுக்காயின் டானின் இரும்பை நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விக்கொள்ளும், அந்த அணைவின் நிறம்தான் மையின் கறுப்பு. டீயிலும் அதே குடும்பத்துப் பாலிஃபீனால்கள். மாத்திரை மேல் டீ ஊற்றினால் வயிற்றுக்குள் நடப்பதும் அதே மை காய்ச்சும் வேலைதான், இரும்பு குடல் சுவரைத் தாண்டாமல் வெளியே போய்விடும். டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் ஆராய்ச்சியிலிருந்து. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு உள்ளே போனால் கல்லீரல் ஹெப்சிடின் என்கிற ஹார்மோனைச் சுரந்து, ஒரு நாள் வரை குடலின் இரும்புக் கதவைச் சாத்திவிடும் என்று 2015-இல் மொரெட்டி குழுவினர் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து 2017-இல் ஸ்டோஃபெல் குழு, இரும்புக் கையிருப்பு குறைந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு 14 நாள் தினமும், மற்றவர்களுக்கு 28 நாள் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தது. மாத்திரை எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றே. தினமும் எடுத்தவர்கள் உறிஞ்சியது 16.3 சதவீதம், ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் உறிஞ்சியது 21.8 சதவீதம். வயிற்று உபாதையால் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் இதை உங்கள் டாக்டரிடம் கேட்டுப்பாருங்கள், கர்ப்பிணிகள் மட்டும் டாக்டர் சொன்ன கணக்கை மாற்ற வேண்டாம். அக்கா இதையெல்லாம் செய்து பார்த்தார், வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் விடவில்லை, மாதாமாதம் போகிற ரத்தத்துக்கு மாத்திரையால் ஈடுகொடுக்கவும் முடியவில்லை. அதனால்தான் ஊசி.

சரி, ஊசி போட்ட இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். வேலூரிலேயே ஒரு நடுத்தர நர்சிங் ஹோம், பகல் நேர சிகிச்சைப் பிரிவு. இவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. மருந்துச் சீட்டிலேயே முழுப் பெயர், மில்லிகிராம், எத்தனை மில்லி சலைனில், எத்தனை நிமிடத்தில் என்று எழுதியிருந்தது. சிஸ்டர் மருந்தைக் கலப்பதற்கு முன்னால் வயலை (சின்ன மருந்துக் குப்பியை) கையில் கொடுத்து தேதியைப் பார்க்கச் சொன்னார். 10 மில்லி வயல், 500 மில்லிகிராம், அதில் இரண்டு, வெறும் 0.9 சதவீத உப்புக் கரைசலில் மட்டும். குளுக்கோஸில் கலக்கக் கூடாது. கலந்ததும் பாட்டில் கடுங்காப்பி நிறத்துக்கு மாறிவிடுகிறது.

ஊசி குத்தியதும் உடனே மருந்தைத் திறக்கவில்லை. முதலில் வெறும் சலைனை ஓடவிட்டு நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை பிடித்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகாது. “எரியுதாக்கா? வீங்குற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க” என்று சிஸ்டர் கேட்க, அக்கா “கை சில்லுனு கீது சிஸ்டர், எரியல” என்றார். அப்புறம்தான் மருந்து, முதல் சில நிமிடம் ரொம்ப மெதுவாக.

கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கி, முதுகுச் சதை பிடித்த மாதிரி ஆனது. நான் பயந்து எழுந்துவிட்டேன். சிஸ்டர் பதறவே இல்லை, மருந்தை நிறுத்தினார், ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார். அழுத்தம் குறையவில்லை, உடம்பில் தடிப்பு இல்லை, மூச்சில் விசில் சத்தம் இல்லை. சில நிமிடத்தில் தானாக அடங்கியது. இதற்கு ஃபிஷ்பேன் எதிர்வினை என்று பெயர், ஒவ்வாமை இல்லை, மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லி, வேகத்தைக் குறைத்து மறுபடி திறந்தார்கள், அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. முதல் கிளினிக்கில் கேட்காமலேயே அவில் என்கிற ஒவ்வாமை தடுப்பு ஊசியைப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள், அக்கா மயக்கத்தில் நாள் முழுக்கப் படுத்திருந்தார். இங்கே கேட்டபோது, ஆஸ்துமாவோ வேறு ஒவ்வாமையோ இல்லாதவருக்கு முன்கூட்டியே அவில் தேவையில்லை, அதுவே அழுத்தத்தைக் குறைத்து, எது மருந்தின் விளைவு எது அவிலின் விளைவு என்று குழப்பிவிடும் என்றார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன. முடிந்த பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அட்ரினலின் உட்பட அவசர மருந்துத் தட்டு கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இவை இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள், வீட்டுக்கு வந்து போடுகிறோம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். இந்த மருந்து ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கிறது. எஃப்.ஜி.எஃப் 23 என்கிற ஹார்மோன் ஏறி, சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே தள்ளிவிடுகிறது. 2020-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், இந்த மருந்து போட்டவர்களில் 75.0 மற்றும் 73.7 சதவீதம் பேருக்குப் பாஸ்பேட் குறைந்தது. ஃபெரிக் டெரிசோமால்டோஸ் என்கிற இன்னொரு இரும்பு மருந்து போட்டவர்களுக்கு அது 7.9 மற்றும் 8.1 சதவீதம்தான். உறையாக நிற்கிற சர்க்கரை மாறினால் பக்க விளைவு இந்த அளவுக்கு மாறுகிறது! பெரும்பாலோருக்கு அது தானே சரியாகிவிடும், தெரியவும் தெரியாது. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு எலும்பு வலி, சதை பலவீனம், எலும்பு மென்மையாவது வரை போயிருக்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், பாஸ்பேட் குறைந்தாலும் அசதிதான், ரத்தசோகைக்கும் அசதிதான். ஹீமோகுளோபின் ஏறியும் அசதி போகவில்லை என்றால் இன்னொரு அயன் பாட்டில் ஏற்றாதீர்கள், முதலில் பாஸ்பேட் பாருங்கள். இதை நாங்கள் கேட்ட பிறகுதான் டாக்டரும் பரிசோதனை எழுதினார், கேட்காமலே எழுதியிருக்க வேண்டும். மற்றபடி அடுத்த நாள் தலைவலியும் உடம்பு வலியும் இருந்தது, ஒரு பாராசிட்டமாலில் போனது.

என் துறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் ஷிஃப் காரம் என்கிற, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு மூலக்கூறை எடுத்துத் தாமிரத்தோடோ துத்தநாகத்தோடோ சேர்த்து, எம்.சி.எஃப் 7, ஹீலா மாதிரி ஆய்வகப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று கட்டுரை எழுதிக்கொண்டே இருக்கிறோம். தட்டில் செல்லைக் கொல்வது சுலபம். ரோசன்பர்க் என்பவர் 1965-இல் பிளாட்டினம் மின்முனையில் எதேச்சையாகப் பார்த்த விஷயம் சிஸ்பிளாட்டின் என்கிற புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற 1978 ஆனது, வழியில் சிறுநீரகம் என்ன ஆகும், எவ்வளவு சலைன் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் மருத்துவர்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. இரும்புக்கும் அப்படியொரு நீண்ட கதை உண்டு. நிசிம் என்பவர் 1947-இல் சர்க்கரையோடு கட்டிய இரும்பை நரம்பில் செலுத்திக் காட்டியதிலிருந்து இன்றைய வயல் வரை. நம் வேலூருக்கே அதில் இடம் உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் டெல்லியிலும் வேலூரிலும் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்து நடத்திய ஆய்வு 1975-இல் வெளிவந்தது, இங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் பேக்கரும் மாதனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். வேதியியல் ஆய்வகமும் நோயாளியின் கட்டிலும் ஒரே ஊரில் இருக்கிற நமக்கு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க என்ன காரணம்? எங்கள் ஆய்வு மாணவர்களை ஒரு நாளாவது பகல் சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்று நான் துறையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

விலை: இந்த மருந்தின் காப்புரிமைக் காலம் இந்தியாவில் 2023-இல் முடிந்துவிட்டது, இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, பிராண்டுக்குப் பிராண்டு விலை நிறைய வித்தியாசப்படுகிறது. டாக்டரிடம் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு மெடிக்கலில் கேளுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நரம்பு வழி இரும்பு போடக் கூடாது. காய்ச்சல், கிருமித் தொற்று இருந்தால் அது சரியாகட்டும். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் ஃபெரிட்டின் பார்க்காமல் எந்த இரும்பும் வேண்டாம். ஊசி போட்ட மறுவாரமே ஃபெரிட்டின் பார்த்து “ஏறிடுச்சு” என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை, அந்தச் சமயத்தில் அது பொய்யாக உயர்ந்து காட்டும். ஹீமோகுளோபினும் கடைசி ஊசிக்கு நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்.

அக்காவுக்கு நான்கு வாரம் கழித்து 10.8. பாஸ்பேட் அளவும் சரியாக இருந்தது. பச்சரிசி மெல்லுவது நின்றுவிட்டது, நாங்கள் சொல்லி நிற்கவில்லை, வேண்டும் என்றே தோன்றவில்லையாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்திருக்கிறது, ரத்தப்போக்குக்கான வைத்தியம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அது நிற்காமல் எத்தனை வயல் ஏற்றினாலும் கையிருப்பு தங்காது. நீங்கள் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், வயல் மேல் இருக்கும் ஸ்டிக்கரை, பெயரும் பேட்ச் எண்ணும் தெரிகிற மாதிரி, உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் ஒட்டித் தருகிறார்கள்.